துணைப்பேருக்கு நின்ற அம்மா

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேண்டும் என்று காத்திருப்பதில் நம் ஆட்களை மிஞ்ச ஆள் கிடையாது. விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு தோசை போட வந்தால் கை தானாக இலையை மறைக்கும்; தோசை விழுகிற அளவுக்கு விரல்களுக்கு நடுவே இடமும் இருக்கும். அறுபதைத் தாண்டி உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அப்படித்தான் தோசை சாப்பிட்டிருப்பீர்கள்.

இந்தப் பழக்கம் ஒரு சங்கத்தின் தேர்தலையே குப்புறக் கவிழ்த்ததை என் பதினோராவது வயதில் மட்டாஞ்சேரியில் கண்ணால் பார்த்தேன். எழுபதுகளின் கடைசி அது. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது எனக்கு மறந்துபோகும். அந்த மழைக்காலம் மறக்காது.

எங்கள் சந்து கடைவீதியிலிருந்து காயலைப் பார்க்க இறங்கும். இரண்டு பக்கமும் சுக்கும் மிளகும் அடுக்கிய சரக்குக் கிட்டங்கிகள். அவற்றின் முதுகுக்குப் பின்னால் எங்கள் வீடுகள். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள். காற்று முழுக்கச் சுக்கு வாடை. அம்மாவின் தலைமுடியில், தலையணையில், என் பள்ளிக்கூடச் சட்டையில் எல்லாம் அதே வாடைதான். ஊருக்கு வந்த விருந்தாளிகள் தும்மிக்கொண்டே இருப்பார்கள். எனக்கோ தென்காசிப் பக்கம் போய் நல்ல காற்றைச் சுவாசித்தால்தான் மூக்கடைக்கும்.

மழை ஆடி மாதம் முழுக்கக் கொட்டும். குடிக்கத்தான் தண்ணீர் இருக்காது. கிணற்று நீர் உப்பு. ஓட்டிலிருந்து விழுவதை அண்டாவில் பிடித்து, குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்வோம். சோறு பொங்க ஆலுவா ஆற்றுத் தண்ணீர் வேண்டும். குழாய் வழியாக அத்தனை தூரம் வருகிற தண்ணீர், தெருக்குழாயில் பெருமூச்சு மட்டும் விட்டுவிட்டு, எங்கள் தமிழர் சங்கத்து வளவில் இருந்த ஒற்றைக் குழாயில்தான் ஒழுங்காக விழுந்தது. அந்தக் குழாய்க்கு ஒரு இரும்புக் கூண்டு, கூண்டுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு பித்தளைச் சாவி. சாவி செக்ரட்டரியின் இடுப்பில் இருந்தது.

சங்கத்துக்குத் தலைவர் என்று ஒரு பெரியவரும் உண்டு. அவர் மாலை வாங்கிக்கொள்ள. காரியமெல்லாம் செக்ரட்டரிதான், பதினான்கு வருஷமாக. அவர் மிளகுத் தரகர். விலை பேசும்போது இரண்டு பேரும் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேரத்தை முடிப்பார்களே, அந்தத் தொழில். மனசில் இருப்பதை வாயால் சொல்லாமல் முப்பது வருஷம் பிழைத்தவர். நெற்றி நிறையத் திருநீறும் மடிப்புக் கலையாத வேட்டியுமாகக் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, காலை ஏழரை மணிக்குக் கூண்டைத் திறப்பார். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் திறந்ததில்லை.

குழாயடியில் வீட்டுக்கு ஒரு சிவப்பு அட்டை. அட்டை எண்படிதான் வரிசை. அட்டைக்கார வீட்டுப் பெரியவர்கள்தான் வரவேண்டும், பிள்ளைகளை அனுப்பக்கூடாது. அப்பா இருந்தவரை எங்கள் எண் ஒன்பது. இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா இறந்து, அட்டை அம்மா பேருக்கு மாறியபோது, புது உறுப்பினர் என்று கடைசி எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அம்மா இரண்டு குடத்தையும் நிரப்பி வீட்டில் இறக்கும்போது எட்டடிக்கப் போகும். அம்மா சுக்குப் புடைக்கப் போகும் கிட்டங்கியில் எட்டு மணிக்குக் கேட்டை அடைத்துவிடுவார்கள்.

அந்த மாதம் அம்மா இரண்டு நாள் பிந்திவிட்டாள். இரண்டு நாளும் வேலை இல்லாமல் திரும்பி வந்தாள். மூன்றாம் தரம் பிந்தினால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் நாங்கள் தென்காசிப் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போகவேண்டும்.

"சித்தப்பாவும் நல்லவரு, சித்தியும் நல்லவ. நாம போயி இருந்தோம்னா ரெண்டு பேரும் நல்லவங்களா இருக்க மாட்டாங்க" என்றாள் அம்மா. நான் சித்தப்பா வீட்டுக்குப் போக மாட்டேன் என்று தலைகீழாக நின்று பார்த்தேன். அம்மாவுக்கு மட்டும் ஆசையா என்ன?

செக்ரட்டரியிடம் போய்க் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். பெண்கள் அவரிடம் நேராகப் பேசும் வழக்கம் இல்லை. எதுவானாலும் புருஷன் வழியாகப் போகவேண்டும். மற்ற பெண்களின் புருஷன்மாருக்கு, குழாய் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. எங்களுக்கோ அந்த வழியே அடைபட்டுப்போயிருந்தது. அம்மா செக்ரட்டரியைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள். "கல்நெஞ்சக்காரன். விடியுறதே அவன் இடுப்புலதான்னு நெனப்பு" என்பாள்.

இந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சாயங்காலம் தையல்கடை மாமா வீட்டுக்கு வந்தார். சந்து முனையில் கடை வைத்திருந்தவர்; செக்ரட்டரிக்கு வலது கை, இடது கை, ஊன்றுகோல் எல்லாம் அவர்தான். காதில் சாக்குக்கட்டி, கழுத்தில் அளவு நாடா. வாசற்படியில் நின்றபடியே, மலையாளம் கலந்து பேசினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை சங்கத்துல எலக்சன். இந்தத் தடவை உங்க பேரைத் துணைப்பேரா வைக்கலாம்னு இருக்கோம், கேட்டோ."

துணைப்பேர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். வேறெங்கும் இப்படி ஒரு வழக்கம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் சங்கத்தில் ஒரே ஒரு பெயர் மட்டும் முன்மொழியப்பட்டு ஒருவர் ஜெயிப்பது மரியாதைக் குறைவு. போட்டிக்கு நாதியில்லாத பதவி என்று ஊர் நினைத்துவிடுமாம். அதனால் கூடவே இன்னொரு பெயரையும் சொல்வார்கள். அந்த ஆள் எழுந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. தாலி கட்ட ஆசைப்படக்கூடாது.

நிஜமான ஆளும் வேண்டாம் என்றுதான் சொல்வார். பதவிக்கு அலைகிறவன் என்று பெயர் வந்துவிடக் கூடாதல்லவா? முதல் தரம் கேட்டால், கையைக் கூப்பி "ஐயோ, எனக்கெதுக்கு, வேண்டாம்" என்பார். இரண்டாம் தரம் கேட்டால், "என்னைவிட நல்ல ஆளாப் பாருங்க" என்பார். மூன்றாம் தரம் கேட்டால், "சபை சொன்னா நான் என்ன செய்ய முடியும்" என்று தலையைக் குனிவார். உடனே மாலை விழும். பதினான்கு வருஷமாக இதே நாடகம், இதே வசனம்.

தையல்கடை மாமா இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லி முடித்தார். "நீங்க மூணு தரமும் வேண்டாம்னு சொன்னாப் போதும்."

"வேண்டாம்னா ஒரு தரம் சொன்னா பத்தாதா?"

"ஒரு தரம் சொன்னா வேணும்னு அர்த்தம் ஆயிரும்லா!"

அம்மா யோசித்தாள். "நான் வந்து உக்காந்துக்கிடுதேன். நீங்க அந்தக் கூட்டத்துல குழாய் விசயத்தை எடுக்கணும். ஆறு மணிக்குத் திறக்கச் சொல்லிக் கேக்கணும்."

"அதுக்கென்ன, கேட்டுட்டாப் போச்சு. என் பொறுப்பு" என்று போய்விட்டார் மாமா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் அவர்தான். அவருக்கு அது அன்று தெரியாது.

அந்த வருஷம் இன்னொரு மாற்றமும் இருந்தது. போன தேர்தலில் பொருளாளர் பதவிக்கு இரண்டு கோஷ்டி சண்டை போட்டு, யாரோ மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார்கள். அதனால் தேர்தலை முறைப்படி நடத்த எறணாகுளத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். படகிலிருந்து இறங்கி, குடையை மடக்காமலே சந்துக்குள் நடந்து வந்தார். மலையாளி. கையில் அச்சடித்த படிவங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டம். மூன்று தரம் கேட்கவேண்டும் என்று அதில் எந்தக் கட்டமும் இல்லை.

கூட்டத்துக்கு ஒரு பெண் உறுப்பினர் வந்தது அதுதான் முதல் தடவை. ஆண்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவை எங்கே உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். அதிகாரிக்குச் சமமாக அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். தகரக் கூரையில் மழை அடித்தது. ஈர வேட்டி வாடையும் ஊதுபத்தி வாடையும் கலந்து வந்தன. தையல்கடை மாமாவின் மடியில், வாழையிலையில் சுற்றிய இரண்டு மாலைகள். ஒன்று பெரியவருக்கு, ஒன்று செக்ரட்டரிக்கு.

ஆண்டறிக்கை வாசித்தார்கள். இறந்துபோன உறுப்பினர்களுக்காக எழுந்து நின்றார்கள். அம்மா தையல்கடை மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா குழாயைப் பற்றி வாயே திறக்கவில்லை. அம்மா ஒரு தரம் தொண்டையைச் செருமினாள். அவர் உத்தரத்தைப் பார்த்தார். "எல்லா விஷயமும் கழிஞ்ஞல்லோ? இனி தேர்தல்" என்று மற்ற பேச்சையெல்லாம் முடித்துவிட்டார் அதிகாரி. அம்மாவின் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்குவதை நான் பார்த்தேன்.

முதலில் தலைவர் பதவி. பெரியவருக்குக் காது கேட்காது. யார் என்ன கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுவார். "சம்மதமாணோ?" என்று அதிகாரி கேட்டார். தலையாட்டினார். அவருக்குத் துணைப்பேராக நின்றவர் வேண்டாம் என்றார். எல்லாம் வழக்கம்போல நடந்ததால், யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை. பெரியவருக்கு மாலை விழுந்தது. அடுத்து செக்ரட்டரி பதவி.

தையல்கடை மாமா எழுந்து இரண்டு பெயரையும் வரிசையாகச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவர் வழிமொழிந்தார். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் பெயருக்குக் கேட்டார். "சம்மதமாணோ?"

செக்ரட்டரி எழுந்தார். கையைக் கூப்பினார். குரல் தழுதழுத்தது, நல்ல நடிகர். "ஐயோ, எனக்கெதுக்கு, வேண்டாம்."

"வேண்டா," என்று சொல்லிக்கொண்டே அதிகாரி கட்டத்தில் ஒரு கோடு போட்டார். "அடுத்த பேரு?"

கூப்பிய கையைக் கீழே இறக்குவதா, அப்படியே வைத்திருப்பதா என்று தெரியாமல் செக்ரட்டரி நின்றார். தையல்கடை மாமா துள்ளி எழுந்தார்.

"சாரே, சாரே! அவரு வேண்டாம்னு சொன்னது வேண்டாம்னு இல்ல."

"பின்னே?"

"வேணும்னுதான்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. செக்ரட்டரி பக்கம் திரும்பி, பொறுமையாகச் சொன்னார். "வேணமெங்கில் வேணம்னு பறயாம். ஞான் எழுதாம். பறயூ."

வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்கிறார். இதை நீங்கள் மறந்துவிடக்கூடாது. அவருக்கு அவகாசம் கொடுக்கப்பட்டது. பேனா காத்திருந்தது. முழுச் சபையும் திரும்பி அவரைப் பார்த்தது. ஒரு வார்த்தை சொன்னால் சாவி அவரிடமே இருந்திருக்கும். அவர் வாய் திறந்தது, மூடியது. காது மடல் சிவந்தது. பதினான்கு வருஷமாக மற்றவர்கள் கெஞ்சி வாங்கிக்கொண்ட ஒன்றை, தன் வாயால் வேண்டும் என்று கேட்க அவருக்கு நா எழவில்லை. சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பல்லியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி அடுத்த பெயரை வாசித்தார். அம்மாவின் பெயர்.

அம்மா எழுந்து நின்றாள். தையல்கடை மாமா கண்ணாலும் புருவத்தாலும் தலையாலும் சொன்னார்: வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

"சம்மதமாணோ?"

"சம்மதம்" என்றாள் அம்மா. கிட்டங்கியில் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகிய குரல். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். அடுத்து ஜாயின்ட் செக்ரட்டரி பதவி. அதற்குத் தையல்கடை மாமாவின் பெயரைத்தான் பேசி வைத்திருந்தார்கள். குழப்பத்தில் இருந்த மனிதர், அதிகாரி கேட்டதும் பழக்கதோஷத்தில் "ஐயோ, எனக்கெதுக்கு" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்தார். கோடு விழுந்துவிட்டது. துணைப்பேராக நின்றவரும் பேசி வைத்தபடி வேண்டாம் என்றார். அந்தப் பதவி காலியாகவே நின்றது. பொருளாளர் பதவி வந்தபோது, பெயரைச் சொல்வதற்கு முன்பே நான்கு பேர் "சம்மதம், சம்மதம்" என்று கத்திக்கொண்டு எழுந்தார்கள். அதற்கு மட்டும்தான் சீட்டுப் போட்டு வாக்கெடுக்க வேண்டியிருந்தது. மிச்சமிருந்த இரண்டாவது மாலையை என்ன செய்வதென்று தெரியாமல், அதையும் பெரியவர் கழுத்திலேயே போட்டுவிட்டார்கள். அவர் தலையாட்டினார்.

அம்மா செக்ரட்டரி ஆகிவிட்டாள். சாவிதான் வரவில்லை. செக்ரட்டரி - இனிமேல் பழைய செக்ரட்டரி என்று சொல்லவேண்டும் - இடுப்பில் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை குழாய் திறக்கவில்லை. செவ்வாயும் திறக்கவில்லை. பெண்கள் இரண்டு தெரு தள்ளிப் போய், கண்டவர்களிடம் பேச்சு வாங்கித் தண்ணீர் எடுத்தார்கள். நாங்கள் கிணற்று நீரில் கப்பைக்கிழங்கு வேகவைத்துத் தின்றோம். உப்புப் போடாமலே உப்பாக இருந்தது. அம்மா எட்டு மணிக்கு முன்னால் கிட்டங்கிக்குப் போய்விட்டாள் என்பது உண்மைதான். தண்ணீரே எடுக்காவிட்டால் நேரத்துக்குப் போகலாமே! ஆனால் அந்தக் கப்பையைத் தின்றுகொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்?

பெண்கள் திரும்பியது அம்மா மேல்தான். எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலில் காலிக் குடத்தை வைத்துவிட்டு, "ஏழரைக்காவது வெள்ளம் கெடச்சிது. நீ செக்ரட்டரி ஆனே, அதுவும் போச்சு" என்றாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சுக்காரி, "ஒங்கம்மாவுக்குப் பதவி ஆசையாமே. ஆம்பளைங்களுக்கு முன்னாடி எந்திரிச்சு வேணும்னு கேட்டாங்களாமே" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு என் தாயை நினைத்து வெட்கப்பட்டேன். அவள் ஏதோ திருடிவிட்டது மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து புத்தகப்பையை விசிறியடித்தேன். "நீ ஏன்மா சம்மதம்னு சொன்னே? வேண்டாம்னு சொல்லத்தானே கூட்டிட்டுப் போனாங்க?"

அம்மா முறத்தால் விரல்களில் ஏற்பட்ட வெடிப்புகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "அவரு கேட்டாரு. எனக்கு வேணும்னு இருந்துச்சு. சொன்னேன்" என்றாள். "இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

இதற்குள் தையல்கடை மாமாவும் நான்கைந்து பேரும் பழைய செக்ரட்டரியின் வீட்டுக்குப் போய், நீங்களே திரும்ப வரவேண்டும், புது மனு போடுகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றாராம். செவ்வாய்க்கிழமை மறுபடி போனார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்றாராம். சந்துக்கே கணக்குப் புரிந்துவிட்டது. வியாழக்கிழமை நல்ல நாள். மூன்றாம் தரம் போகத் திட்டம். புதன்கிழமை சாயங்காலம் கிட்டங்கியிலிருந்து வந்த அம்மா முகம் கழுவினாள், தலை வாரினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தாள். பதவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள் என்றுதான் எதிர்வீட்டு அக்கா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் வீட்டில் மரநாற்காலி, கடிகாரம், மிளகு மாதிரிகள் வைத்த சின்னச் சின்னத் தகர டப்பாக்கள். அவர் எங்களைப் பார்த்துவிட்டு, சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய மனைவி எங்களுக்குச் சாயா கொண்டுவந்தார். ஒவ்வொரு எட்டுக்கும் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். கோவிலுக்குக்கூட வெளியே வராதவர் என்பதால் நாங்கள் அதுவரை அவரைப் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, குழாயை ஏழரைக்குத்தான் திறக்கணும்னு யாரு வச்ச சட்டம்?" என்று கேட்டாள் அம்மா. சுற்றி வளைக்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது.

"நான்தான் வச்சேன்."

"எதுக்கு?"

சாயா தம்ளரை வைத்த அவருடைய மனைவிதான் சொன்னார். "நான் விழுந்ததுக்குத்தான். நீ இந்தச் சந்துக்கு வர்றதுக்கு முந்தி, அப்பல்லாம் நாலரைக்கே திறந்துருவாங்க. ஆடி மாச இருட்டு, குழாயடி பூராப் பாசி. வழுக்கி விழுந்தேன், இடுப்பு போச்சு. இனி பொம்பளைங்க இருட்டுல தண்ணிக்கு வரப்பிடாதுன்னு பூட்டு வாங்கிட்டு வந்தாரு. எனக்குன்னு வீட்டுக்குள்ள குழாய் போட்டாரு."

இரண்டு வருஷமாகக் கல்நெஞ்சக்காரன் என்று அவள் திட்டிய மனிதர், கண்ணெதிரே கால்விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா குரலைத் தணித்துச் சொன்னாள். "நல்ல மனசுலதான் செஞ்சிருக்கீங்க. ஆனா எட்டு மணிக்குக் கேட்டை அடைச்சிருதாங்களே அண்ணாச்சி."

"எந்தக் கேட்டு?"

"சுக்குக் கிட்டங்கிக் கேட்டு. கடைசி அட்டைக்காரி நான். தண்ணி எடுத்துட்டுப் போனா கேட்டு அடைச்சிருக்கும். இன்னும் ஒரு நாள் பிந்துனா எனக்கு வேலை இல்ல. இவளைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போவணும்."

அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். தினமும் பத்து மணிக்கு அந்தக் கிட்டங்கி வாசல் வழியாகத்தான் அவர் மிளகுக் கடைக்குப் போவார். பத்து மணிக்கு அந்தக் கேட் மூடித்தான் இருக்கும். அது எத்தனை மணிக்கு மூடியது என்று அவர் ஏன் யோசிக்கப் போகிறார்?

"என்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார். பொய் இல்லை. யாரும் சொல்லவில்லைதான்.

"நீங்களும் கேக்கலியே" என்றாள் அம்மா. அதுவும் பொய் இல்லை.

சாயாவை ஊதி ஒரு வாய் குடித்தாள். பிறகு கேட்டாள். "ஜாயின்ட் செக்ரட்டரி பதவி காலியாக் கெடக்கு. கமிட்டியே ஆளைப் போட்டுக்கிடலாம்னு அந்த ஆபீசர் சாரு சொல்லிட்டுப் போயிருக்காரு. பதினாலு வருசம் சங்கத்தை நடத்துனவரு நீங்க. எனக்குக் குழாயைப் பத்தித்தான் தெரியும், மத்தது ஒண்ணும் தெரியாது. நீங்க கூட இருக்கணும்."

"ஐயோ, எனக்கெதுக்கு, வேண்டாம்" என்றார் அவர்.

அம்மா இன்னொரு வாய் குடித்தாள். "யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க இருந்தா நல்லா இருக்கும்."

"என்னைவிட நல்ல ஆளாப் பாருங்க."

அம்மா மிச்சச் சாயாவையும் குடித்து முடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என் கையைப் பிடித்தாள். அவர் பதறிவிட்டார்.

"என்ன, எந்திரிச்சிட்டீங்க?"

"ரெண்டு தரம் கேட்டாச்சு அண்ணாச்சி."

"இல்ல... மூணாந்தரம்..."

"அதெல்லாம் கேக்க எனக்கு நேரம் கெடையாது. நாளைக்குக் காலையில வேலைக்குப் போவணும். வேண்டாம்னா வேண்டாம்னு எடுத்துக்கிடுதேன். வேணும்னா வாயைத் திறந்து வேணும்னு சொல்லுங்க. கொறஞ்சா போயிருவீங்க?"

முதலில் சிரித்தது அவருடைய மனைவிதான். சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலிக்கச் சிரித்தார். "சொல்லுங்களேன். கல்யாணமான நாள்லேருந்து இவரு வாயால இது வேணும்னு சொல்லி நான் கேட்டதே இல்ல தாயி. சாயா வேணும்னாக்கூட அடுப்படிக்கு வந்து நின்னுக்கிட்டுத்தான் இருப்பாரு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மிளகு டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைச் சித்தப்பா வீட்டு வாசலைப் பார்ப்பது போலப் பார்த்திருக்க வேண்டும்.

"வேணும்" என்றார்.

அவ்வளவு சின்னக் குரலில் அந்தப் பெரிய உருவம் பேசி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் நானும் அம்மாவும் குழாயடிக்குப் போனோம். எங்களுக்கு முன்பே அவர் அங்கே இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, செங்கல் பொடியும் தேங்காய் நாரும் போட்டுக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு இல்லை. பாசி போய்க் கல் வெள்ளையாகத் தெரிந்தது. "ஆறு மணிக்குத் திறக்கலாம். ஆனா கல்லைத் தேய்க்காம ஒருத்தரையும் உள்ள விடப்பிடாது" என்று நிமிராமலே சொன்னார். "செரி அண்ணாச்சி" என்றாள் அம்மா. அன்று தையல்கடை மாமாவும் ஆட்களும் மூன்றாம் தரம் கேட்க அவர் வீட்டுக்குப் போனபோது, வீட்டில் அவர் இல்லை.

ஏழு மணிக்குள் எங்கள் இரண்டு குடமும் நிறைந்துவிட்டன. எதிர்வீட்டு அக்காவின் குடமும் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. நல்ல தண்ணீரில் பொங்கிய சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு அம்மா கிளம்பினாள். பள்ளிக்கூடப் பையோடு நானும் கூடவே கிளம்பினேன். கிட்டங்கியைத் தாண்டித்தான் என் பள்ளிக்கூடம். ஆனாலும் அதுவரை நாங்கள் சேர்ந்து போனதே இல்லை. அம்மா அந்தச் சந்தில் ஓடித்தான் போவாள். ஈரப் புடவை காலில் சுற்ற, தூக்குச்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, வழியில் நிற்கிறவர்களை விலகச் சொல்லிக்கொண்டு ஓடுவாள். அவள் முதுகைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அன்று அம்மா நடந்தாள். என் சடையைச் சரிசெய்தாள், கடையில் தொங்கிய ரிப்பன் என்ன விலை என்று நின்று கேட்டாள், மழைக்கு ஒதுங்கியிருந்த ஆட்டைப் பார்த்துச் சிரித்தாள். கேட் அகலத் திறந்திருந்தது. அம்மா அதற்குள் அவசரமில்லாமல் நடந்து போனாள்.